பக்கத்துக் காம்பராக் கரப்பான்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, தூக்கிக்கொண்டு போகமுடியாத கோழிகளை என்னிடம் விட்டுப் போனார்கள். கரப்பான்களையும் விட்டுப் போனார்கள். அதை மட்டும் ஒருத்தரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அடுப்பு எரியாத வீட்டில் கரப்பானுக்கு என்ன வேலை? ஒரு காம்பராவைப் பூட்டினால் நாலைந்து நாளில் அந்த வீட்டுக் கூட்டம் முழுக்க என் குசினிக்கு வந்துவிடும். கடைசியில் இந்த லயத்தில் புகை வருகிற கூரை என்னுடையது ஒன்றுதான் என்றாகிவிட்டது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கமிருந்து மூட்டம் இறங்கினால் எதிரே தண்ணீர் கொட்டுகிற பீலிகூடத் தெரியாத இடம் இது. பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தால் பேச ஆளில்லை. கரப்பான்களைத் திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, திட்டும்படிதான் அவையும் நடந்துகொண்டன. சோற்றுப் பானைக்குள் விழுந்தன. தூக்கத்தில் உதட்டைக் கடித்தன. குசினிக்குப் பின்னால் இருந்த கோழிக்கூட்டில் சாக்கைத் தூக்கினால் தரையே நகர்ந்தது. அழகையா கங்காணி ஸ்டோரிலிருந்து மருந்து கொண்டுவந்து அடிக்கிறேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். மருந்து தின்ற கரப்பானைக் கோழி தின்னும், கோழி சாகும். அப்புறம் நான் யாரோடு இருப்பது?

நான் போத்தல் வைத்தேன். ஜாம் போத்தலுக்குள் ஒரு துண்டுப் பாண் ரொட்டியைப் போட்டு, வாய்ப்பக்கம் உள்ளே தேங்காயெண்ணெய் தடவிவிட்டால் போதும். உள்ளே இறங்குகிற கரப்பானால் வழுக்கி வழுக்கி ஏறமுடியாது. காலையில் போத்தலைக் கோழிகளுக்கு முன்னால் கவிழ்ப்பேன். கோழிகள் கொழுத்தன, கரப்பான் குறையவில்லை. எங்கிருந்துதான் வருகிறது இந்தச் சனியன் என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்துக் காம்பராச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

அது புஷ்பவதியின் காம்பரா. என் வீட்டுக்காரரின் தங்கை. என் வீட்டுக்காரர் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார், அவள் புருஷன் இந்தியாவுக்கு எழுதிப்போட்டான். ஒரே வயிற்றில் பிறந்த ரெண்டு பேர் ரெண்டு நாட்டு ஆட்களாகிப் போனார்கள். என் வீட்டுக்காரர் செத்துப்போன மறுவருசம் அவர்களுக்குப் பயண நாள் வந்தது. பிள்ளை குட்டி இல்லாத நான், அவளையும் அனுப்பிவிட்டு எப்படி இருப்பேன் என்று வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என்னைத் தன் காம்பராவுக்குள் கூட்டிப்போய் ஒரு தேயிலைப் பெட்டியைக் காட்டினாள்.

"அண்ணி, பித்தளைச் சாமானெல்லாம் இதுல போட்டு ஆணி அடிச்சிட்டேன். அங்க நெலமையப் பார்த்துட்டு வந்துருவோம். நீங்க யாரையும் தொறக்க விடாதீங்க" என்றாள்.

பெட்டியை அசைத்துப் பார்த்தேன். நல்ல கனம். பித்தளைக் குடத்தை விட்டுவிட்டு எந்தப் பொம்பளை ஒரேயடியாகப் போவாள்? எனக்குத் தெம்பு வந்தது. மண்டபம் முகாமில் அவர்களைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. ஆனாலும் பெட்டி இருக்கிறதே என்று இருந்தேன்.

போன கிழமை கங்காணி வந்து, மாட்டுப் பட்டிக்குத் தகரம் வேண்டுமாம், காலிக் காம்பராக்களின் கூரையைக் கழற்றச் சொல்லித் தோட்டத்துத் துரை உத்தரவு என்றார். மாட்டுக்கு இருக்கிற மரியாதை நமக்கு எங்கே? புஷ்பவதி காம்பரா காலி இல்லை, சாமான் இருக்கிறது என்று சண்டை பிடித்தேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், வெறும் கரப்பான் பெட்டி என்றால் தூக்கி வெளியே போட்டுவிடுவேன் என்றார்.

ஞாயிறு காலை பெட்டியை வாசலுக்கு இழுத்தேன். கரப்பான்களைத் துரத்தி, குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, கங்காணி கண்ணுக்கு முன்னால் பளபளவென்று வைக்கவேண்டும் என்று நினைப்பு. கோழிகளைத் திறந்துவிட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் ஆணியை நெம்பினேன். மூடியைத் தூக்கியதும் குபுகுபுவென்று வந்தன பாருங்கள்! கோழிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. ஒன்றின் வாயிலிருந்து ஒன்று பிடுங்கித் தின்றன. நான் சிரித்தேன். வெகுநாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு உள்ளே கையை விட்டேன். மேலே சாக்கு. சாக்குக்குக் கீழே சோளச் சக்கை. அதற்கும் கீழே பழைய சேலைத் துணியில் சுற்றி எதையோ கட்டியிருந்தாள். அவிழ்த்தேன். செங்கல். இன்னொன்றை அவிழ்த்தேன். அதுவும் செங்கல். குடமும் இல்லை, விளக்கும் இல்லை, ஒரு கரண்டிகூட இல்லை.

அடி கள்ளி, என்னை ஏமாற்றிவிட்டாயே என்று கையிலிருந்த கல்லை வீசினேன். கோழிகள் சிதறி ஓடின. குடத்தை இந்தியாவுக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குக் கல்லை வைத்திருக்கிறாள். ஆத்திரம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம்தான் அந்த முடிச்சுகளைப் பார்த்தேன். ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் வரக்கூடாது என்று ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் சுற்றி இறுக்கியிருந்தாள். கப்பலுக்குப் போகிற அவசரத்தில், அந்த அழுகையில், உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாள். திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் இத்தனை பாடு.

கீழே பாதையில் கங்காணியின் இருமல் கேட்டது. வீசிய கல்லைப் பொறுக்கி வந்தேன். துணிகளை உதறிக் கரப்பான் முட்டைகளைத் தட்டிவிட்டு, அவள் கட்டியது போலவே ஒவ்வொன்றாகச் சுற்றினேன். மூடியைப் போட்டு ஆணியை அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னதான் இருக்கு உள்ளுக்கு?" என்று கேட்டபடி காலால் பெட்டியைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"பித்தளைச் சாமான் கங்காணி. கரப்பானெல்லாம் போச்சு, கழுவி வச்சிட்டேன். அவ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கூரையில கை வைக்காதீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். சரி, துரையிடம் சொல்லிப் பார்க்கிறேன், இந்தக் காம்பரா இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பெட்டியை உள்ளே இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். அவள் இனி வரமாட்டாள் என்பது இந்தத் தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது.