மண் படாத புதினா

தலைப்பக்கம் இருவரும் கால்பக்கம் இருவருமாகக் குனிந்து சவப்பெட்டியைத் தூக்கப்போன நேரத்தில், சமையலறையில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

"ஐயோ, யாரு லைட்டைப் போட்டது?" என்றாள் இறந்தவளின் கணவரான மெக்கானிக்கின் அக்கா.

கூடத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கியவர்கள் பெட்டியை மறுபடி மேசையிலேயே இறக்கினார்கள்.

"யாரும் போடல அத்தை. அம்மாவோட செடிக்கு வச்ச லைட்டு. தினமும் காலையில அதுவா எரியும்" என்றாள் மகள்.

"அதுக்கு, இன்னைக்குமா எரியணும்?"

விளக்கைத் தொடர்ந்து மோட்டாரும் ஓடத் தொடங்கியது. வழக்கமாக வண்டுபோல மெல்ல முரலும் மோட்டார், இன்று களக் களக் என்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

மெக்கானிக் சட்டென்று படுக்கையறைப் பக்கம் திரும்பினார். நேற்று சாயங்காலம் வரை படுக்கையறையிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் அது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே, இனி வராதோ என்று வீடே காது கொடுத்துக் காத்திருந்த சத்தம்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கதவைத் திறக்காமலே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார். தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டது, மோட்டார் காற்றை இழுக்கிறது, அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு நம்பவில்லை.

"அந்தச் சனியனைப் பிடுங்கி விடேன்டா. கேக்கச் சகிக்கல" என்றாள் அக்கா.

"இரு அக்கா. கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்."

"இப்பவா? அவளைக் கூடத்துல வச்சுக்கிட்டா?"

அவர் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டிருந்தார்.

நுரையீரல் சுருங்குகிற நோய் என்று சொன்ன அன்றே டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஈர மண்ணில் பூஞ்சை இருக்கும், இவங்க மூச்சுக்கு அது ஆகாது, வீட்டுக்குள்ள மண்ணே வேண்டாம். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பால்கனியில் பிள்ளைகள் மாதிரி வளர்த்த தொட்டிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, இந்தச் சாதனத்தை வாங்கிச் சமையல் மேடையில் வைத்தாள். அடியில் தண்ணீர், மேலே துளைக்கு ஒரு செடி, தலைக்கு மேல் விளக்கு. தண்ணீரில் கலக்கும் உரக்கரைசல்தான் சாப்பாடு. மண் என்ற பேச்சே இல்லை.

திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தவள். துணியின் இழையைப் பார்க்கிற மாதிரியே இலையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். அடி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் ஒரு குறை, கொழுந்து வெளுத்தால் வேறு குறை. நுனி கருகினால் அது குறையே இல்லை, சாப்பாடு கூடிவிட்டது என்று அர்த்தம். அவள் சொல்லும்போது இவர் உம் கொட்டிக்கொண்டே செய்தித்தாள் படிப்பார்.

அவள் படுக்கையில் விழுந்ததும் செடிகள் இவர் தலையில் விழுந்தன. ஒருநாள் அடி இலைகள் மஞ்சளாயின. பசி போலிருக்கிறது என்று உரத்தை ஊற்றினார். நுனிகள் கருகின. பாவம், இன்னும் பசிக்கிறது என்று இன்னும் ஊற்றினார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் இவ்வளவு ஊட்டியதில்லை.

"என்னங்க, தண்ணி குறைஞ்சா வெறும் தண்ணிதானே ஊத்தறீங்க?" உள்ளேயிருந்து அவள் கேட்பாள். ஒரு வாக்கியத்துக்கு நாலு மூச்சு. "செடி தண்ணியைக் குடிச்சுட்டு உப்பை விட்டுடும். மேல மேல உரத்தை ஊத்தினா வேர் வெந்துடும்."

"எனக்குத் தெரியாதா?"

"உங்க லிஃப்ட் இல்லீங்க அது, எண்ணெய் போட்டா ஓடறதுக்கு. இலையெல்லாம் எப்படி இருக்கு?"

"தளதளன்னு இருக்கு."

"அப்ப ஒரு புதினா இலை கிள்ளிட்டு வாங்க. மோந்து பாக்கணும்."

செடி முழுக்கத் தேடியும் அவளிடம் காட்டுகிற மாதிரி ஒன்று அகப்படவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று மழுப்பினார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கடைத்தெருவில் ஒரு கட்டு புதினா வாங்கி, கருவிப் பைக்குள் ஸ்பேனர்களுக்கு நடுவே ஒளித்துக்கொண்டு வந்தார். நல்ல இலையாக ஒன்று கிள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிவிட்டு, இலையைக் கசக்கி, முடிந்தவரை ஆழமாக இழுத்தாள். கண் மூடி இருந்த அந்த முகத்தைப் பார்த்தபோது, செய்தது பொய்யானாலும் நல்ல பொய் என்று அவருக்குத் தோன்றியது. அதன் பிறகு தினமும் ஒரு இலை.

நேற்று மதியம் இலையை வாங்கும்போது மட்டும் புதிதாக ஒன்று கேட்டாள்.

"கழுவினீங்களா?"

"கழுவினேன்" என்றார். கழுவவில்லை. சாயங்காலம் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

தொட்டியில் தண்ணீரை ஊற்றினார். களக் களக் நின்றது. விளக்கின் கீழே புதினா, சுருண்ட பழுப்பு ஓரங்களோடு, வெட்கமில்லாமல் அப்பட்டமாகத் தெரிந்தது.

பின்னால் மகள் வந்து நின்றாள். "அப்பா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"செடி செத்துக்கிட்டிருக்கும்மா. அம்மாகிட்ட நல்லா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தேன்."

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"கடைப் புதினான்னு. முதல் நாளே கண்டுபிடிச்சுட்டாங்க. 'விரல்ல நறநறன்னு மண்ணு ஒட்டுது, நம்ம செடிக்கு ஏதுடி மண்ணு?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க." மகளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. "'உங்கப்பாவுக்குப் பொய்யே வராது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒண்ணு சொல்றாரு, நீ போய்க் கெடுத்துடாதே'ன்னாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவர் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. மீதி எங்கோ போய்விட்டது.

"ஒரு இலைல எவ்வளவு மண்ணு இருக்கும்?" என்று கேட்டார்.

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறியது. "அப்பா... அப்படியெல்லாம் இல்லப்பா. டாக்டரு போன மாசமே கையை விரிச்சுட்டாரு. உங்களுக்கே தெரியும்."

"நான் அதைக் கேக்கலம்மா."

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் சீராக முரன்றது. அந்த முரலுக்கு அடியில், படுக்கையறைப் பக்கமிருந்து, என்னங்க என்று ஒரு குரல்.

"இதோ வர்றேன்" என்றார் மெக்கானிக், சத்தமாகவே.

மகள் அறைப் பக்கம் பார்த்தாள். திறந்த கதவு, சுருட்டி வைத்த மெத்தை. தன்னிடம்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, கூடத்திலிருந்து அக்கா, "சரி, சீக்கிரம் வாடா" என்றாள்.

இடுகாட்டில் நேற்று இரவு மழை பெய்திருந்தது. பெட்டியை இறக்கியதும் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியில் கொஞ்சம் மண்ணை அள்ளி அவர் முன்னால் நீட்டினார். கறுத்த, குளிர்ந்த மண். அதிலிருந்து வாசனை எழுந்தது. அந்த வாசனைக்காகவே மழை நாட்களில் பால்கனிக் கதவைத் திறந்து போட்டவள் அவள், முன்பு ஒரு காலத்தில்.

"போடுங்க சார்."

அவர் கையை நீட்டவில்லை.

"ஒரு பிடி எடுத்து லேசாப் போட்டாப் போதும் சார்."

"ஈரமா இருக்கே" என்றார்.

"மழை பெஞ்சுதுல்ல சார்."

"ஈர மண்ணு இவளுக்கு ஆகாதுங்க."

சுற்றி நின்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். அக்கா முந்தானையை வாயில் அழுத்தினாள். குழி வெட்டுகிறவர் அந்த இடத்தில் எத்தனையோ பேச்சுகளைக் கேட்டவர். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே சாய்த்து வைத்தார். இவர் போகும்வரை தொடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மெக்கானிக் திரும்பி வாசலை நோக்கி நடந்தார். மகள் தன் பிடி மண்ணைப் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.

வாசலில், பெட்டியைக் கொண்டுவந்த வண்டி நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். செருப்பு இரண்டும் கீழே கிடந்தன. வாய் திறந்திருந்தது, சட்டையில் மேல் பொத்தான்கள் கழன்றிருந்தன. நெஞ்சு ஏறுவதும் இறங்குவதும் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

மகள் கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார்.

"இருக்கட்டும்மா. தூங்கட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் வண்டியின் பக்கத்தில் நின்று அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.