ஒரு விரற்கடை

"என் பேரைப் படத்துலேர்ந்து எடுத்துடுங்க."

முதல் படம் எழுதுகிறவள் வாயில் வரவே கூடாத பேச்சு இது என்று தயாரிப்பாளர் ஒதில் ஒப்பந்தத்தன்றே எச்சரித்திருந்தார். சொல்லிவிட்டேன். அதுவும் ரூபே நகரத்து எங்கள் கராத்தே கிளப்பில், நாளைய கடைசிச் சண்டைக் காட்சிக்கு விளக்குகள் கட்டிக்கொண்டிருந்தபோது.

இயக்குநர் திரிஸ்தான் காப்பிக் கோப்பையுடன், நாங்கள் வெறுங்காலோடு மட்டுமே மிதிக்கும் பயிற்சிப் பாயில் பூட்ஸோடு நின்றார்.

"என்னம்மா லொரேன், சண்டை நாளைக்குத்தானே?"

"முடிவை யாரு மாத்தினது?"

"நான்தான். உன் தபால்காரன் கால்சட்டை அவுந்து விழுது. தியேட்டரே சிரிக்கும்."

என் கதாநாயகனான தபால்காரன் கார் கொட்டகையில் தனியாகக் கராத்தே பழகியவன். கண்ணாடிக்கு வணக்கம் வைப்பான், அலமாரியை உதைத்துக் காலை உடைத்துக்கொள்வான். படம் முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கலாம்; சிரிக்கத்தான் எழுதினேன். கடைசி அடியில் மட்டும் கூடாது. எங்கள் போட்டியில் முகத்தில் அடித்தால் தண்டனை. முழு வேகத்தில் போகும் குத்து ஒரு விரற்கடை முன்னால் நின்றால்தான் புள்ளி. அவன் நிறுத்துகிறான். அதுவரை கேலி செய்த அரங்கம் வாயடைத்துப்போகிறது. அதற்காகத்தான் மொத்தக் கதையும்.

"அடிக்காம நின்னா ஜனங்களுக்கு என்னம்மா புரியும்? இது லாரிக்காரனும் பாக்குற படம்."

"எங்கப்பா லாரிக்காரர்தான். படிச்சுக் காட்டினேன், புரிஞ்சுது. எங்க வீட்டுல பட்டம் வாங்கினவ நான் ஒருத்தி. அதுக்காக மத்தவங்க முட்டாள் இல்ல."

"சரி, காட்டு பாப்போம்" என்று சிரித்தார்.

காட்டினேன். என் குத்து அவர் மூக்குக்கு முன்னால் நின்றது. காப்பி சட்டையில் கொட்டியது. ஏணி மேலிருந்த விளக்குக்காரர், "யப்பா, எனக்கே மூச்சு நின்னுபோச்சு" என்றார்.

திரிஸ்தான் சட்டையைத் துடைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கால்சட்டை விழணும்."

ஒதில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "பைத்தியமா உனக்கு? பேரு இல்லாட்டி அடுத்த படத்துக்கு உன்னை யாரு கூப்பிடுவா? நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். அடுத்ததையும் நான்தானே எழுதணும்? எழுதிக்குவேன்."

பாயின் விளிம்பில் நின்று குனிந்து வணங்கினேன். திரிஸ்தான் அப்போதுதான் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். நான் என் காலணியை மாட்டிக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்கு நடந்தேன்.