கல்லோடையில் அழுத அம்மாள்

ஓடையில் ஒரு அம்மாளைப் பார்த்தேன் என்று முனியாயி அக்கா வந்து சொன்னபோது முதலில் கோபப்பட்டவர் என் வீட்டுக்காரர்தான்.

அவர் பெயர் அடைக்கலம். போடிமெட்டுக்கு மேலே கல்லோடை ஏலத்தோட்டத்தில், திண்டுக்கல் பக்கமிருந்து வேலைக்கு வந்த பதினைந்து கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்களுக்கு அவர்தான் உபதேசியார். பகலெல்லாம் எங்களோடு களை வெட்டுவார். சாயங்காலம் ஓடைக்கரையில் எங்கள் குடிசைகளோடு இருந்த கோயில் குடிசையில் செபமாலை சொல்லிவைப்பார். பங்குச் சாமியார் வருஷத்துக்கு இரண்டு தடவை குதிரையில் வந்து பூசை வைப்பதோடு சரி.

கோயில் குடிசையில் இருந்தது ஒரே ஒரு படம், சலேத் மாதா படம். பிரான்சு தேசத்து மலையொன்றில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதபடி காட்சி தந்து, வரப்போகும் பஞ்சத்தைச் சொல்லி எச்சரித்தாளாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் உடைந்துபோகும். கொடைக்கானலில் அந்த மாதாவுக்குக் கோயில் இருந்ததால், வருஷம் தவறாமல் திருநாளுக்கு நடந்தே போய் வருவார். என் பெயரும் சலேத்தம்மாள். "பேருக்காகத்தானே என்னயக் கட்டுனீங்க?" என்று கேலி செய்வேன். "பாதி அதுக்குத்தான்" என்பார்.

முனியாயி அக்கா வேதக்காரி அல்ல, ராசிங்காபுரத்தில் உழவு பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். மழை பொய்த்து நிலம் காய்ந்ததால் புருஷன் ஒச்சப்பனோடு மலையேறி வந்தவள். விடிந்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்வாள். நானும் அவளும் எப்போதும் ஒரே வரிசையில்தான் காய் எடுப்போம். ஏலச்செடியின் தூரில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். காலெல்லாம் அட்டை ஏறும். கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டு, "ஒனக்கு ரத்தம் இனிக்குது போல, ஏ சலேத்து" என்று சிரிப்பாள். பனி மூடிக்கொண்டால் ஆள் தெரியாது, அந்தச் சிரிப்பு மட்டும் கேட்கும். இன்றைக்கும் பனி இறங்கினால் என் காது அதைத் தேடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு, ஐப்பசி மாதம். உச்சிப்பொழுதில் குடிதண்ணீர் மொள்ளப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

"ஓடையில ஒரு பொம்பள கல்லு மேல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா. யாரு ஆத்தா நீன்னு கேட்டேன். 'இங்க இருக்க வேணாம், எம்புள்ளைகள மேல கூட்டிட்டுப் போ'ன்னு சொன்னா. குடத்தக் கீழ வச்சிட்டு நிமுந்தேன், ஆளக் காணோம்."

எல்லோரும் ஓடிப் பார்த்தோம். கல் ஈரமாக இருந்தது. ஓடைக்கல் ஈரமாக இருப்பது என்ன அதிசயம்? ஆனாலும் பொழுது சாய்வதற்குள் குடிசைக்குக் குடிசை, "மாதா வந்துட்டாக" என்று பேச்சாகிவிட்டது.

வீட்டுக்காரர் கஞ்சியைத் தொடவில்லை. "முப்பது வருஷமாச் செபமாலை சொல்றேன். எங்கண்ணுக்கு ஒரு நெழலு கூடத் தட்டுப்பட்டதில்ல. திருநீறு பூசுறவ கண்ணுக்கா தெரியணும்?"

"மாடு மேய்ச்ச அந்தப் புள்ளைகளுக்குச் செபம் ஒண்ணும் ஒழுங்காத் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன்.

கஞ்சிச் சட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனார். அது கோபம் இல்லை, மனத்தாங்கல் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாளிலிருந்து அக்காவை ஒருவரும் சும்மா விடவில்லை. ஒருத்தி தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டுவரச் சொன்னாள். "ஒழுங்கா வேலையப் பாருங்கன்னு சொல்லலயா அந்தம்மா?" என்றார் கங்காணி. என் வீட்டுக்காரரும் ஒரு நாள் அவளை நிறுத்தினார்.

"மேலன்னா அது மோட்சந்தான். கோயில் கட்டச் சொல்லி எதுவும் சொன்னாங்களா? நல்லா நெனச்சுப் பாரு."

"சொன்னதச் சொல்லிட்டேன் உபதேசியாரே. சொல்லாதத எப்பிடிச் சொல்ல?"

தை மாதம் சாமியார் வந்தார். வெள்ளைத் தாடி வைத்த பிரெஞ்சுக்காரர், மதுரைப் பக்கத் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். அக்காவை உட்காரவைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். பிறகு சலேத் மாதா படத்தை இறக்கிக்கொண்டு வரச் சொன்னார். குடிசைக்குள்ளும் வாசலிலும் கூட்டம் நெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பேரும் அவள் காலில் விழுந்திருப்பார்கள்.

அக்கா வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.

"இவுக இல்ல சாமி. இவுக தலையில கிரீடம் இருக்கு. அவ தலையில ஈர முந்தானைதான் கெடந்துச்சு. காலெல்லாம் வெடிப்பு."

கூட்டம் முணுமுணுத்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் மட்டும் புன்னகை செய்தார்.

"வந்தது மாதான்னு நான் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். அது எங்களுக்கெல்லாம் மேல இருக்குற மேற்றிராணியார் விசாரிச்சுச் சொல்ல வேண்டியது. ஆனா இந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வரல. குடிசைகளக் கொஞ்சம் மேட்டுல போட்டுக்கிட்டா அது ஒண்ணும் பாவமில்ல."

அந்தப் பேச்சுக்காகப் பாதிப்பேர் மேட்டுக்குப் போனோம். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் குடிசை போட்டோம். அங்கே காற்று கூரையைப் பிய்த்தது. ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தது. அடுத்த மழைக்காலம் வந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கியது. கோயில் குடிசை கீழே இருக்க உபதேசியார் மேலே இருப்பதாவது என்று இவரும் கிளம்பினார். தண்ணீர் சுமந்து அலுத்துப்போன நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

அக்காவும் ஒச்சப்பனும் மட்டும் மேலேயே தங்கிவிட்டார்கள். அவளுக்கு என்மேல் வருத்தமில்லை. "குளிரு தாங்காம எறங்குறீக, சரி. நான் கூப்பிட்டா மட்டும் வந்துருங்க" என்றாள்.

இருபத்திநாலாம் வருஷம் ஆடியில் அந்த மழை பிடித்தது. ஒரு வாரம் சூரியனையே பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் கஞ்சிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கத்தும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், முனியாயி அக்கா ஓடைக்கரையில் நிற்கிறாள். நனைந்த முந்தானை தலையில் ஒட்டிக்கிடக்கிறது. வெடித்த பாதங்களில் சேறு. அழுதுகொண்டே கூப்பிடுகிறாள்.

"மேல வாங்க, எம்புள்ளைகளா, மேல வாங்க! ஓடையப் பாருங்க! இம்புட்டு மழைக்கு ஓடை வத்துமா? மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு அடச்சிருக்கு. வெரசா!"

அப்போதுதான் கவனித்தேன், ஓடைச் சத்தமே இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் ஓடையைப் பார்க்கவில்லை. அவளையே, இமை கொட்டாமல், பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கோயில் குடிசைக்கு ஓடினார். படத்தை இறக்கக் கையை வைத்துவிட்டார். அடுத்த குடிசையிலிருந்து, கண் தெரியாத இருளம்மாள் கிழவி, "யாராச்சும் என்னயக் கூட்டிட்டுப் போங்கய்யா" என்று அலறினாள். படத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிழவியை முதுகில் தூக்கிக்கொண்டு மேடேறினார்.

நாங்கள் ஸ்டோரை எட்டியபோது மலை உறுமியது. தண்ணீராக வரவில்லை; மண்ணும் மரமும் பாறையும் ஒன்றாகத் திரண்டு வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கீழே ஒரு குடிசை இல்லை, கோயிலும் இல்லை. எங்களோடு பாதி வழி ஏறிய கருத்தம்மா, ஆட்டுக்குட்டிகளை அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கியிருந்தாள். அவளை மூன்று நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

அன்றைக்கு நாற்பது பேர் ஸ்டோருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஏலக்காய் வாசமும் ஈரத்துணி வாசமும் கலந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"நான் படத்துலயே தேடிக்கிட்டு இருந்துட்டேன் தாயி" என்றார்.

"மொதல்ல தலையத் தொவட்டுங்க உபதேசியாரே" என்று தன் துண்டை நீட்டினாள்.

செய்தி கேட்டுச் சாமியார் வந்தார். எல்லாவற்றையும் எழுதி மேற்றிராணியாருக்கு அனுப்பினார். ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறாயா என்று அக்காவைக் கேட்டார். "எங்க குலசாமி கோவிச்சுக்கும் சாமி" என்றாள். சாமியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எழுதினதற்குப் பதில் வந்ததா, எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் கோயில் எதுவும் எழும்பவில்லை.

தோட்டம் பாதி அழிந்துபோனதால் நாங்கள் போடிக்கு இறங்கினோம். ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்கும் வேலை கிடைத்தது. கண்மாய் நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அக்கா ராசிங்காபுரம் போய்ச் சேர்ந்தாள். யார் யாரோ என் வீட்டுக்காரரைத் தேடி வந்து, அன்றைக்கு வந்தது மாதாதானா என்று கேட்பார்கள். "பாத்தது நானில்ல. பாத்தவ ராசிங்காபுரத்துல இருக்கா. அவ தன் காதுல கேட்டத மட்டுந்தான் சொல்லுவா" என்று அனுப்பிவிடுவார். சாகும்வரை அப்படித்தான் சொன்னார்.

சந்தை நாளில் அக்கா மொச்சையும் துவரையும் கொண்டுவருவாள். விற்று முடித்ததும் மண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கூலியில்லாமலே நாலு கை பொறுக்கித் தருவாள். மலையில் நனைந்ததையும் நடுங்கினதையும் பேசிப் பேசிச் சிரிப்போம். அந்த அம்மாளைப் பற்றி அவளாக ஒருநாளும் எடுத்ததில்லை.

கருத்தம்மாவைப் பற்றித்தான் பேசுவாள். "அவ எறங்குறத நான் பாத்தேன் சலேத்து. மழைச் சத்தத்துல கேக்கலயோ என்னவோ. இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கணும்" என்பாள்.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுக்கா" என்பேன்.

தலையை ஆட்டிக்கொள்வாள். பிறகு இரண்டுபேரும் பச்சைக் காயைத் தனியாக, வெடித்த காயைத் தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்போம்.