பதினேழு நொடியின் சீட்டு

1
இந்தக் கதை ஒரு கோப்பிலிருந்து வந்தது. காணொளி இருக்கவேண்டிய கோப்பில் மூன்று வரி எழுத்து மட்டும் இருந்தது. அதைத் திறந்த அலுவலகத்தில் நான் தேநீர் போடுபவள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "துருக்கியின் அந்தெப் நகரில், தைரியசாலியான ருதைனா என்பவள்..."

வேண்டாம். ருதைனா தைரியசாலி அல்ல, கவனமானவள். (அதுவும் பாதி உண்மைதான்.)

2
சிரியாவின் சிறைகளில் காணாமல் போனவர்களின் காணொளிகளை நாங்கள் சேர்த்துவைத்தோம். அவை தொலைவில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இணையக் கிடங்கில் இருந்தன. எங்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும். இறக்கிக்கொள்ளலாம், திருத்தவோ அழிக்கவோ முடியாது. நாங்களே கேட்டு வாங்கிய கட்டுப்பாடு அது. ஊரிலிருக்கும் தங்கையை அரசாங்கத்தின் ஆட்கள் பிடித்துவைத்துக்கொண்டு அழிக்கச் சொன்னால் யார்தான் அழிக்கமாட்டார்கள்?

ஞாயிறுதோறும் உம்மு கியாத், அதாவது கியாத்தின் அம்மா, வருவாள். கோப்புகளைக் கவனித்துக்கொள்ளும் ருதைனா கிடங்கின் பக்கத்தைத் திறந்து அங்கேயே ஓட்டிக் காட்டுவாள். சிறை முற்றத்தில் கியாத் பதினேழு நொடி நடப்பான்.

"கூனாம நடடா, கழுத," என்பாள் அம்மா, திரையைப் பார்த்து. அவனுடைய வேறு படம் எதுவும் அவளிடம் இல்லை. இருந்தவை வீட்டோடு எரிந்துவிட்டன.

3
கிடங்கை வியாழனோடு மூடுவதாகக் கடிதம் வந்தது. ருதைனா அந்தக் காணொளிகளின் பெயர்களோடு தன் கணினியிலிருந்த கோப்புறை முழுவதையும் ஒரு வட்டில் நகலெடுத்தாள். நாலாயிரம் பெயர்களும் வந்துசேர்ந்தன.

"ரெண்டே நிமிஷத்துலயா? உன் மிஷினுக்கு றெக்கை மொளைச்சிருக்கு," என்றான் பக்கத்து மேசை நிஸார்.

(பழியை நிஸார்மேல் போட்டு ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன், அதெப்படி என்று கேட்கவில்லை.)

கணினியில் இருந்தவை காணொளிகள் அல்ல, அவற்றுக்கான சீட்டுகள். வகை, அடையாள எண், அளவு என்று ஆளுக்கு மூன்று வரி. அந்தச் சீட்டைக் காட்டிக் கிடங்கிலிருந்து காணொளியை இறக்கியிருக்கவேண்டும். எப்போதும் கிடங்கிலேயே பார்த்துப் பழகியவளுக்கு அது தெரியவில்லை. சனிக்கிழமை வட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது. உடனே அந்த நிறுவனத்துக்குக் கெஞ்சி எழுதினாள். எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டதாக ஞாயிறு காலை பதில் வந்தது.

4
அன்றே பத்து மணிக்கு உம்மு கியாத் கத்திரிக்காய் ஊறுகாயோடு வந்தாள்.

"என்ன புள்ள, மூஞ்சி இப்பிடிக் கெடக்கு? மிஷினு தூங்குதா? எழுப்பு. பதினேழு நொடிதானே, பாத்துட்டுக் கெளம்பிடுறேன்."

நான் எழுதிப்பார்த்த ஒரு முடிவில், இணையம் வேலைசெய்யவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்கிறாள் ருதைனா. உம்மு கியாத் அடுத்த வாரமும் வருகிறாள். அதற்கடுத்த வாரமும். ஐந்தாவது ஞாயிறோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றில் மூன்று வரியையும் வாசித்துக் காட்டுகிறாள். "இந்த நம்பர்ல என் புள்ள எங்கடி இருக்கான்?" என்று அம்மா கேட்க, ருதைனா

இதற்குமேல் எனக்கு வரவில்லை.

மீதியை நீங்கள் எழுதுங்கள். ருதைனாவைப் பொய் சொல்லவையுங்கள், அழவையுங்கள், வேண்டுமானால் என்னையும் பேசவையுங்கள். காணொளி ஓடியது என்று மட்டும் எழுதாதீர்கள்.