ஏரிக்கு மாட்டிய மின்விசிறி

1

இந்தக் கதை எனக்கு நண்டுக் குழம்பால் கிடைத்தது. பூநாரைகளைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருவதாக ஒரு பத்திரிகையிடம் வாயைக் கொடுத்துவிட்டுப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பூநாரைகள் வந்திருக்கவில்லை. (வந்திருந்தன, எதிர்க்கரையில். கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.) நண்டு மட்டும் ஏமாற்றவில்லை. அந்தச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏரில ஃபேன் மாட்டி வச்சிகீதாம் அந்தப் பொண்ணு."

"கரண்டு?"

அதற்குள் அவர்கள் கை கழுவ எழுந்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்து நானே சேர்த்தது. பஸ் நன்றாகக் குலுங்கியது, கதையும் அங்கங்கே குலுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"ஏரி ஒரு மாபெரும் கண்ணாடியாக விரிந்து..."

வேண்டாம். ஏரியைக் கண்ணாடி என்று எழுதி எழுதியே நம் ஆட்கள் அதைத் தேய்த்துவிட்டார்கள்.

"தேவதர்ஷினியின் கண்களில் ஒரு கனவு..."

இதுவும் வேண்டாம். அவள் கண்ணில் அப்போது விழுந்திருந்தது மணல்.

"விடியும் நேரத்தில் தேவதர்ஷினி முட்டிக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தாள்."

இது நிற்கும் என்று நினைக்கிறேன். மேலே போகலாம்.

தேவதர்ஷினி சென்னையில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். சொந்த ஊர் தோணிரேவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். (பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்து நண்டை நான் இன்னமும் சாப்பிட வேண்டியிருக்கிறது.) கல்லூரியில் அவளுக்கு இரண்டு புகைப்பட வேலைகள் கொடுத்திருந்தார்கள். முதலாவது அன்றாட அழகு. கண்ணெதிரே இருப்பதை இருக்கிறபடியே எடுக்க வேண்டும், எடுத்த பிறகு ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. இரண்டாவது சர்ரியலிசம். கனவில் வருகிற மாதிரி, ஒட்டாத இரண்டை ஒட்டவைக்க வேண்டும். இதில் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், சேர்க்கலாம்.

முதல் வேலைக்கு அவள் அம்மா கோவிந்தம்மாவின் முன்கையில் செதில் ஒட்டியிருந்ததை எடுத்தாள். வேலியில் வலையும் பள்ளிக்கூடச் சட்டையும் சேர்ந்து காய்ந்ததை எடுத்தாள். குழாயடியில் மனிதர்கள் இல்லாமல் வரிசையில் நின்ற குடங்களை எடுத்தாள். ஆசிரியர் பார்த்துவிட்டு, "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார். காலண்டரில் என்று சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

தேவதர்ஷினிக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது வேலைக்கு எவரும் எங்கேயும் பார்த்திராததை எடுத்தே தீருவது என்று ஊருக்கு வந்தாள். பரணில் கிடந்த ஓடாத மின்விசிறியை இறக்கினாள். ஆழமில்லாத இடமாகப் பார்த்து மூன்று சவுக்குக் கழிகளை ஏரியில் ஊன்றி, உச்சியைச் சேர்த்துக் கட்டி, விசிறியைத் தொங்கவிட்டாள். ஏரிக்கும் புழுக்கமாக இருக்கிறது என்பது கருத்து.*

* கருத்து என்னுடையது. பார்க்க ஜோராக இருக்கும் என்பதைத் தவிர அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கருத்து இல்லாமல் ஒரு பத்தியை முடிக்க எனக்குத்தான் கை வராது.

விசிறியின் இறக்கைகளுக்குப் பின்னால் சூரியன் ஏறியபோது எடுத்தாள். நல்ல பனி, விசிறிக்கு அப்பால் சூரியனைத் தவிர அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. படம் பிரமாதமாக வந்துவிட்டது என்று கேமராவின் சின்னத் திரையிலேயே தெரிந்தது. சாயங்கால வெளிச்சத்திலும் எடுக்கலாமே என்று கழிகளை அப்படியே விட்டுவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

3

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை. (தாண்டிப் போகிறவர்கள் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.)

அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் நிறையப் படும் இடங்களுக்கு முறை உண்டு. இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று ஊர் கூடி வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். முறைக்காரரைத் தவிர வேறு யாரும் அங்கே கழி ஊன்றக் கூடாது. கழி ஊன்றினால் இடத்தைப் பிடித்ததாக அர்த்தம். முறைக்காரர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டால் இடம் சும்மா கிடக்க வேண்டும், இன்னொருவர் இறங்கக் கூடாது.

இதெல்லாம் அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாதா? எனக்கே இந்தச் சந்தேகம் வந்து, அவள் ஒரு நம்ப முடியாத பாத்திரம் என்று முடிவு கட்டி, கதையை மூடி வைத்தேன். பிறகு அவள் ஊர்க்கூட்டத்தில் பதில் சொன்னாள். அதைக் கேட்டதும் நம்பிக்கை வந்தது. (எழுதியது நான்தானே என்று கேட்காதீர்கள். எழுதும்போது அப்படித் தோன்றவில்லை.)

அன்றைய முறை பொன்னுரங்கத்துடையது. அவருக்கு நல்ல காய்ச்சல். வெயில் ஏறியதும் மனசு கேட்காமல் தள்ளாடிக்கொண்டு வந்து பார்த்தார். தன் இடத்தில் மூன்று கழிகள், நடுவில் ஒரு ஃபேன். ஜுரம் தலைக்கேறிவிட்டது என்றுதான் முதலில் பயந்தார். பிறகு கழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினார்.

சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் கூட்டம். ஊர்த்தலைவர் கேட்டார்:

"யாரு கழி ஊனுனது?"

"நான்தான் மாமா" என்றாள் தேவதர்ஷினி.

"அது யாரு முறைன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். வலைதானே மாமா கட்டக் கூடாது? ஃபேன் கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவர் சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு ஃபேனு?"

"காலேஜுக்குப் படம் எடுக்க. சர்ரியலிசம்."

"அப்டின்னா?"

"கனவு மாரி. அதுக்கு அர்த்தம்லாம் கெடையாது மாமா."

"அர்த்தம் இல்லாமயா இடம் பாத்து மூணு கழி ஊனுவாங்க?"

கலை விமர்சனத்தில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

பொன்னுரங்கம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஃபேன வுடுங்க. சேறு கலங்கிக் கெடந்துச்சு, நான் பாத்தேன். எவனோ வலை போட்டு வாரிக்கினு பூட்டான். பொண்ண வுட்டு எடம் புடிச்சிட்டு, அங்கமுத்துதான் எறங்கிகிறான்."

அங்கமுத்து என்பவர் தேவதர்ஷினியின் அப்பா. "நான் ஊர்லயே இல்ல. எஞ்சினு சாமான் வாங்க விடியறதுக்கு முன்னயே பொன்னேரிக்குப் பூட்டேன்" என்றார் அவர்.

அடுத்தவர் முறையில் இறங்கியது உறுதியானால் அந்தப் பருவம் முழுவதும் முறை கிடையாது. மற்றவர்கள் வலை கட்டுவதைக் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். தேவதர்ஷினிக்கு ரத்தம் கொதித்தது. அவள் ஊன்றிய கழிக்காக அவள் அப்பாவைத் திருடன் என்கிறார்கள்.

"என்கிட்ட படம் கீது" என்றாள் சத்தமாக. "இன்னிக்கி விடியசொல்ல எடுத்தது. அந்த எடத்துல யார்னா இருந்தாங்களா இல்லியான்னு அதுலயே தெரியும். நாளைக்கிக் காத்தால லேப்டாப்ல பெருசா காட்றேன். எங்க நைனா மேல பழி போடாதீங்க."

நல்லது, படம் சொல்வதுதான் முடிவு என்றார் தலைவர். காட்டாவிட்டால் பொன்னுரங்கம் சொன்னதே முடிவு. கூட்டம் கலைந்தது. அங்கமுத்து மகளைப் பார்க்காமல் முன்னால் நடந்து போனார்.

5

(நாலாம் பகுதியில் ஏரியில் டச்சுக்காரர்களின் கப்பல் நின்றதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நன்றாக எழுதியிருந்தேன் என்பதால் வைத்திருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன்.)

விளக்கு வைக்கும் நேரத்தில் தேவதர்ஷினி படத்தை லேப்டாப்பில் ஏற்றிப் பெரிதாக்கினாள். விசிறியின் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே, பனிக்குள் ஒரு படகு. அதில் ஒருவர் குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார். படகின் முகப்பில் சிவப்பு எழுத்தில் அவளுடைய பெயர் இருந்தது. போன வருஷம் அவளே எழுதிய எழுத்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் வரைவில் இந்தப் படகு கிடையாது. பெண் படத்தைக் காட்டுவாள், ஊர் வாயைப் பிளக்கும், சுபம். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. சும்மா ஒரு படகை வைத்துப் பார்ப்போமே என்று வைத்தேன். இப்போது அது போக மறுக்கிறது.

அங்கமுத்துவுக்கு ஒரு நல்ல காரணம் கொடுத்துவிடலாம் என்றும் பார்த்தேன். "மகளின் படிப்புக்காகத்தான் அந்தத் தந்தை..." என்று எழுதி, எனக்கே கண் கலங்கி, அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அங்கமுத்து உள்ளே வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது நீதானே நைனா?"

அவர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஆமா."

"பொன்னேரி போனேன்னியே?"

"போலாம்னுதான் கெளம்புனேன். எறா துள்ளிக்கினு கெடந்துச்சும்மா. எடம் சும்மா கெடந்துது. கை நிக்கல."

"பொன்னுரங்கம் மாமாவுக்குக் காய்ச்சல்னு தெரியுமா?"

"தெரியும்."

என் அழகான காரணத்தை அடித்துவிட்டேன். மேலே இருப்பது அதன் மிச்சம்.

அங்கமுத்து திரையில் படகின் மேல் விரலை வைத்துக் கேட்டார்: "இத மட்டும் எடுத்துட முடியுமா பாப்பா? உங்க காலேஜுல அப்டிலாம் பண்ணுவாங்கன்னு சொன்னியே."

5-இன் இன்னொரு பாதி

எடுக்க முடியும். அவள் எடுத்தாள். அதற்குத் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. படகு இருந்த இடத்தைப் பனி மூடிக்கொண்டது. படம் இன்னும் நன்றாகவே ஆகிவிட்டது. எந்த ஆசிரியரும் தலையாட்டுவார். இரண்டாவது வேலையின் விதிப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஊர் கேட்பது முதல் வேலையின் விதிப்படி ஒரு படத்தை, ஒரு புள்ளியும் தொடாததை.

படகில்லாத படத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. அப்பா என்று ஒருவர் அந்த ஏரியில் நின்றதேயில்லை என்பதுபோல் அது இருந்தது. பழைய படத்தைத் திறந்தால் அவர் மேல் ஆத்திரம் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டாள், எதையும் அழிக்கவில்லை.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். அவள் படகுள்ள படத்தைக் காட்டுகிறாள், அங்கமுத்து தலைகுனிகிறார், நேர்மை வெல்கிறது. (யாருக்கு வெல்கிறது? அந்த வீட்டில் பருவம் முழுக்க உலை வைக்க வேண்டியது நீங்களா, நானா?) படகில்லாத படத்தைக் காட்டுகிறாள், பொன்னுரங்கம் பொய்யர் ஆகிறார், அன்பு வெல்கிறது. (இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.) இன்னொன்றில் கூட்டம் நடக்கும்போது பூநாரைகள் மொத்தமாகப் பறந்து வந்து எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

6

மறுநாள் காலை. கோயில் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்திருக்கிறார்கள். திரையில் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில். அங்கமுத்து கூட்டத்தின் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் எதைத் திறக்கப் போகிறாள் என்று அவருக்கும் தெரியாது. கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"காட்டு பாப்பா" என்கிறார் தலைவர்.

அப்போது பொன்னுரங்கம் பேசுகிறார். இது நான் எதிர்பார்க்காதது.

"ஒரு நிமிஷம். ராத்திரிலாம் தூக்கமே இல்ல எனக்கு. ஜுரத்துல பாத்தது, சேறு கலங்குனது மெய்யா, எனக்கு அப்டித் தோணுச்சான்னு தெரியல. அங்கமுத்துகூடச் சின்ன வயசுலருந்து ஒண்ணா எறங்குனவன் நான். படத்துல அவன் இல்லன்னா, ஊரு முன்னாடி எழுந்து நின்னு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தயாராக, இப்போதே பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

தேவதர்ஷினியின் விரல் இரண்டு படங்களுக்கும் நடுவில் நிற்கிறது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு, சத்தியமாக, என்னைப் பார்க்கிறாள். எனக்குப் பொன்னேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆகையால் அவள் இனிப் பார்க்கப்போவது உங்களைத்தான். எதைத் திறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பொன்னுரங்கத்துக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை, அவரால் அதிக நேரம் நிற்க முடியாது.