ஜாங்கிரியின் செங்கல்

ஜாங்கிரி காணாமல் போய் ஐந்து நாளாகிவிட்டது. இன்றைக்கு ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்கு ஓசூரிலிருந்து ஷாலின் வருகிறாள். வருவதே ஜாங்கிரியைக் கூட்டிக்கொண்டு போகத்தான். அவளுடைய அப்பா ஆபிரகாம் பூசைக்குக்கூடப் போகாமல், கையில் டார்ச்சோடு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார்.

ஜாங்கிரி என்றால் தின்கிற ஜாங்கிரி இல்லை. மூன்றரை அடிப் பாம்பு. விஷமில்லாத சீமைப் பாம்பு. ஆரஞ்சு நிறத்தில் அது சுருண்டு படுத்தால் பலகாரக் கடை நினைவு வரும். கூடப் படித்தவள் கனடாவுக்குப் போகும்போது ஷாலினிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இவர்கள் ஊரான சேரப்பணஞ்சேரியில் பாம்பைக் கண்டால் அடிப்பார்கள், இல்லையென்றால் பால் ஊற்றுவார்கள். பெயர் வைத்து வளர்த்தவள் இவள் ஒருத்திதான். ஆபிரகாம் மூன்று நாள் மகளோடு பேசவில்லை.

நாலாம் நாள் புயல் மழையில் கரண்ட் போனது. ஜாங்கிரிக்குக் குளிர் ஆகாது என்று ஷாலின் அழுதாள். அவரே எழுந்து போய் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றிப் பாம்பின் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்தார். அப்பாவும் மகளும் தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, பாட்டில் ஆற ஆற மாற்றிக்கொண்டே, அவள் ஒண்ணாங் கிளாஸில் வளர்த்த கோழிக்குஞ்சிலிருந்து ஆரம்பித்து ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள். அந்த மாதிரி ஒரு நாள் அதற்கப்புறம் அவருக்கு வாய்க்கவே இல்லை.

பாம்பு தொலைந்ததற்குக் காரணம் ஆபிரகாமின் வேலைப் பழக்கம். ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. தேவையான பொருளுக்கு ஒரு இடம், ஒரு லேபிள். தேவையில்லாததற்குச் சிவப்புச் சீட்டு, அதில் அப்புறப்படுத்தும் தேதி. மூன்று முறை அந்தத் தேதியைத் தள்ளிப் போடலாம். நாலாவது முறைக்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். இருபது வருஷம் இதையே செய்தவர் வீட்டைச் சும்மா விடுவாரா? கடுகு டப்பாவுக்கும் சீரக டப்பாவுக்கும் லேபிள் ஒட்டி, மனைவி சகாயமேரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான்.

ஜனவரியில் ஷாலினுக்குக் கல்யாணம். மூன்றாவது வாரமே அவள் அறையைக் காலி செய்தார். சுத்தமாக இருக்கட்டும் என்று சகாயமேரியிடம் சொன்னது பச்சைப் பொய். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் அவருக்குக் கால் நகரவில்லை. புத்தகம், பொம்மை, சின்ன வயசில் சர்ச்சில் புதுநன்மை வாங்கத் தைத்த வெள்ளைக் கவுன் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போயின. டேப் ஒட்டினார், சிவப்புச் சீட்டும் ஒட்டினார். புது வாடகை வீடு அமையும்வரை என்று ஷாலின் விட்டுப்போன ஜாங்கிரியின் தொட்டி மட்டும் பாக்கி. அவள் வாரா வாரம் ஃபோனில் கேட்பாள்.

"என் ரூமு எப்பிடிப்பா கீது?"

"அப்பிடியேதாம்மா கீது."

போன திங்கட்கிழமை வீட்டில் மாத ஆடிட். பெட்டிச் சீட்டில் தேதியைத் தள்ளிப் போடும் மூன்று கட்டமும் தீர்ந்துவிட்டன. அது வெளியே போயாக வேண்டும். தெருவில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் முக்கு திரும்பும்வரை ஆபிரகாம் பெட்டியையே பார்த்தபடி நின்றார். ஆடிட் என்று வந்துவிட்டால் எதையாவது தூக்கிப் போட்டால்தான் அவருக்கு ஆகும். தொட்டியின் வலைமூடிமேல் ஷாலின் ஒரு செங்கல் வைத்திருந்தாள். லேபிள் கிடையாது. மூடிக்குத்தான் இரண்டு கிளிப் இருக்கிறதே, செங்கல் எதற்கு? கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டார். மறுநாள் காலை மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. தொட்டி காலி.

அன்றிலிருந்து தேடல். வீட்டைப் பன்னிரண்டு பகுதியாகப் பிரித்துச் செக் ஷீட் எழுதினார். பார்த்த இடத்துக்கு டிக் போட்டார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிக்குத் தெரிந்தால் தெருவே தடியோடு வந்துவிடும் என்று கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஜூன் வெயிலில் வெந்தார்கள்.

"பாத்த எடத்தையே பத்து தபா பாக்குறீங்க," என்றாள் சகாயமேரி. "வந்ததும் வாயத் தொறந்து சொல்லிடுங்க. திட்டுனா வாங்கிக்குங்க."

"பாம்பு போச்சின்னு சொல்லிடலாம் மேரி. ரூமு போச்சின்னு எப்பிடி சொல்றது?"

பதினொன்றரைக்கே ஆட்டோ வந்து நின்றது. ஷாலின் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அறைக்குப் போனாள். வெறும் சுவர். தரையில் மஞ்சள் டேப்பால் கோடு. ஓரத்தில் ஒரு பெட்டி. தொட்டி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அப்பிடியே கீதுன்னு சொன்னியேப்பா."

"பொய் சொல்லிட்டேம்மா. பாம்பையும் தொலச்சிட்டேன். அந்தச் செங்கல்ல நாந்தான் எடுத்தேன்."

ஷாலின் குனிந்து பெட்டியின் சீட்டைப் படித்தாள். "பொருள், ஷாலின் சாமான். நிலை, தேவையில்லை." சகாயமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஷாலின் விரல் சீட்டில் கீழே இறங்கியது. பிப்ரவரியை அடித்து மார்ச். மார்ச்சை அடித்து ஏப்ரல். அதையும் அடித்து மே.

"மூணு தபா தள்ளிப் போட்டியா?"

"தூக்கிப் போட மனசு வரல. பாத்துக்கினு இருக்கவும் முடியல. நீ இல்லாம இந்த ரூமு பக்கம் வரவே முடியலம்மா."

ஷாலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டிக்குள்ள பாத்தியாப்பா?"

"அது டேப் ஒட்டி ஓகே பண்ண பொட்டிம்மா."

ஓகே செய்து ஒட்டிய பெட்டியை அவருடைய கம்பெனி லைனில் யாரும் திரும்பப் பிரிப்பதில்லை. செக் ஷீட்டின் பன்னிரண்டு பகுதியிலும் அது வரவே இல்லை. பெட்டியின் பக்கத்தில் கைவிட்டுத் தூக்க ஒரு ஓட்டை இருந்ததும் அவர் புத்திக்கு எட்டவில்லை. ஷாலின் டேப்பைக் கிழித்தாள். மேலாக அந்த வெள்ளைக் கவுன். அதன் மடிப்புக்குள் ஆரஞ்சு வட்டமாகச் சுருண்டிருந்த ஜாங்கிரி, தலையை மட்டும் தூக்கி நாக்கை நீட்டியது.

"அடி திருடி! என் கவுனுலயா தூங்கிக்கினு இருந்த?" ஷாலின் அழுதுகொண்டே சிரித்தாள். பாம்பு அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. ஆபிரகாம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து அவள் கிளம்பும்போது, "பொட்டியையும் எடுத்துக்கினு போம்மா," என்றார்.

ஷாலின் பெட்டிக்குத் திரும்ப டேப் ஒட்டினாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "நாலாவது தபாவுக்கு மேலதிகாரி கையெழுத்துதான வேணும்?" தேதிக்கான இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்ச் செங்கல்லை எடுத்துவந்து பெட்டிமேல் வைத்தாள்.

"இத எடுக்காதப்பா."

அவள் பஸ் ஒரகடத்தைத் தாண்டுவதற்குள் ஆபிரகாம் செங்கல்லுக்கு ஒரு லேபிள் எழுதி ஒட்டிவிட்டார். பொருள், ஷாலின் செங்கல். நிலை, தேவை.