உயிரிழப்பு: பூஜ்யம்

சிவராம் இறந்த மறுநாள் காலை, வழக்கம்போல ஆறு நாற்பது கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனார். முந்தின நாள், மார்ச் இருபத்தொன்பதாம் தேதி, ஜோகாவைத் தாண்டி இருக்கும் கார் தொழிற்சாலையில், கார் கூடுகளை முக்கியெடுக்கும் சாம்பல் நிறப் பெயின்ட் தொட்டிக்குள் தவறி விழுந்திருந்தார். பதினோரு நிமிஷம் கழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஆலை டாக்டர் நாடி பார்த்தார், இல்லை. ஆனால் கம்பெனியின் வருடாந்தரப் பசுமை அறிக்கை ஒரு வாரம் முன்பே அச்சாகிவிட்டது. வருஷம் முடியும் முன்பே அதை முடித்துத் தணிக்கைக்காரரின் கையெழுத்தையும் வாங்கிவிடுவது அங்கே வழக்கம். முப்பத்தொன்றாம் பக்கத்தில், மரக்கன்று நடும் படத்துக்குக் கீழே, ‘பணியிட உயிரிழப்பு: பூஜ்யம்’ என்று இருந்தது. கம்பெனி அச்சடித்ததை மீறி நடந்துகொள்ளும் மனிதர் அல்ல சிவராம். எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதி ஷிப்டையும் முடித்துவிட்டுத்தான் பெஹாலாவில் இருந்த வீட்டுக்கு வந்தார்.

கதவைத் திறந்ததுமே அவர் மனைவி காமுவுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை தேய்த்தும் அவருடைய காதுக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறம் போகவில்லை. காபி டம்ளரைக் கையில் வாங்கி, ஆறும்வரை வைத்திருந்து, அப்படியே திருப்பிக் கொடுத்தார். பத்தாம் நாள் காரியத்துக்குப் பேச வந்த சாஸ்திரிகள், சம்பந்தப்பட்டவர் ஸ்டூலில் ஏறி ஃபேனைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு பஞ்சாங்கத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். எதிர் ஃப்ளாட் பெங்காலிப் பெண் மட்டும், தாதாவுக்கு ஜுரமா பௌதி என்று, அண்ணா அண்ணி முறை வைத்து விசாரித்தாள். ஜுரம் இல்லை என்றாள் காமு. அது உண்மைதான்.

புருஷன் எப்படியோ கண்ணெதிரே இருக்கிறாரே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் நாற்பது நாளாக வாய் திறக்காத சிவராம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், “ரொம்ப அசதியா இருக்கு காமு. என்னை அனுப்பி வெச்சுடேன்” என்றார். காமு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

கம்பெனி அவரை நன்றாகவே வைத்துக்கொண்டது. மூச்சு விடாதவருக்கு முகமூடி எதற்கு என்று முதலில் அதை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவர் நிற்கும் இடத்தில் புகையை இழுத்து வெளியேற்றும் விசிறிகளை நிறுத்தினார்கள். மிச்சமான மின்சாரத்துக்கு தில்லியில் ஒரு பசுமை விருது கிடைத்தது. பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்த மழைக்காலத்திலேயே இருமி இருமி விழுந்தார்கள். அவர்களும் எழுந்து ஷிப்டை முடித்தார்கள்.

அறிக்கையை எழுதுபவர் லக்ஷ்மிநாராயணன். கம்பெனியின் சால்ட் லேக் ஆபீஸில் வேலை, காமுவுக்குக் கீழ் ஃப்ளாட்டில் வாசம். போன வருஷத்து ஃபைலைத் திறந்து, மாற்றச் சொன்னதை மட்டும் மாற்றுவது அவர் பாணி. பூஜ்யத்தை மாற்றும்படி எட்டு வருஷமாக யாரும் சொன்னதில்லை. அது தானாகவே அடுத்த வருஷத்துக்கும் வந்துவிடும். நல்ல மனிதர், பயந்த சுபாவம். காமு படியிறங்கிப் போய், பூஜ்யத்தை மாற்றிப் புருஷனை அனுப்பிவைக்கும்படி கேட்டபோது அவர் கண் கலங்கிவிட்டது. வரும் புத்தகத்தில் போன வருஷத்துப் பூஜ்யத்தையும் சேர்த்துத் திருத்திவிடுகிறேன், வேலை போனால் போகட்டும் என்று பிள்ளையார் படத்தைப் பார்த்துச் சொன்னார். காமு காலண்டரில் மார்ச் மாதத்தை மடக்கி வைத்தாள். சிவராமிடமும் சொன்னாள், அவர் தலையை ஆட்டினார்.

மார்ச் பதினாறாம் தேதி லக்ஷ்மிநாராயணன் ஃபைலைத் திறந்து முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போனார். பூஜ்யத்தை அழிக்கக் கையை வைத்தபோது மார்பை அடைத்தது. மேஜை மேலேயே சாய்ந்தார். திரையில் பூஜ்யம் அப்படியே இருந்ததால் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சாயங்காலம் அவர் படியேறி வந்த விதத்தைப் பார்த்தே காமுவுக்குப் புரிந்தது. இனி அவருக்கு வேலை போகும் பயம் இருக்காது என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, உடனே கீழே போனாள்.

லக்ஷ்மிநாராயணன் கதவைத் திறந்து அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். உள்ளே அவர் பெண் ஹம்சினி யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“இப்போ நாலுன்னு போடணும் காமு. நாலாவது நான்” என்றார். “ஹம்சினி கல்யாணம் முடியட்டும்மா.”

காமுவால் கோபப்பட முடியவில்லை. சரி அண்ணா என்று மட்டும் சொன்னாள். அறிக்கை பூஜ்யத்தோடு வெளிவந்தது. ஜூனில் கல்யாணம் நடந்தது. கன்னிகாதானத்தின்போது மாமனாரின் கை சில்லிட்டிருந்ததற்கு மாப்பிள்ளை மண்டபத்து ஏஸியைக் குறை சொன்னான். அடுத்த மார்ச்சில் ஹம்சினிக்கு ஐந்தாம் மாதம். அதற்கடுத்த மார்ச்சில் பேரன் அப்போதுதான் தாத்தா என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். காமு கேட்பதை விட்டுவிட்டாள். லக்ஷ்மிநாராயணன் லிஃப்டில் அவளைப் பார்த்தால் தலை குனிந்துகொள்வார்.

கம்பெனி பஸ்ஸில் இப்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை இல்லை. பாதிப் பேருக்குக் காற்றே தேவையில்லை. ஆறரைக்குக் காமு டிபன் காரியரைக் கழுவித் துடைத்து, வெறும் அடுக்குகளை மாட்டி, சிவராம் கையில் கொடுக்கிறாள். கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போனால் நன்றாயிராது என்று அவளுக்குத் தோன்றுகிறது. போய்ட்டு வரேன் என்கிறார் அவர். இரண்டாவது வார்த்தையை அவர் சொல்லாமல் இருக்கலாம் என்று தினமும் நினைத்துக்கொண்டு, சரி என்கிறாள் அவள்.